அருமைநாயகி ஞாபகார்த்தக் கிண்ணம்

டொராண்டோவின் ஐஸ் ஹொக்கி அணி தோற்றால், லண்டன் கிங்ஸ்பரியில் அருமைநாயகிக்குச் சாப்பாடு இறங்காது. அவர்கள் மட்டையால் எதைத் துரத்துகிறார்கள் என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் மகன் கொட்வின் அந்த அணிக்கு உயிரை விடுகிறவன் என்று கேள்விப்பட்ட நாள் முதல், 'ஐயோ, பிள்ளை இண்டைக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பானே' என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிடுவாள். கோடையில் பேஸ்போல். அதிலும் இதே கூத்துத்தான்.

பெற்ற மகன் எப்படி இருக்கிறான் என்பதை விளையாட்டுச் செய்தியில் பார்த்து அறியவேண்டிய கேடு, அவள் வாயால் தேடிக்கொண்டது. ஆறு வருடத்துக்கு முன் அவன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். கோசிகாவைக் கட்டப்போகிறேன் என்றான். கோசிகா ஒருமுறை கட்டிப் பிரிந்தவள், கையில் ஒரு பெண்குழந்தை. "அவளைக் கட்டினால் என்ர செத்தவீட்டுக்கும் நீ வரக்கூடாது" என்றாள் அருமைநாயகி. அவன் கட்டினான். அன்றோடு போனும் நின்றது. முதலில் அவன் எடுக்கட்டும் என்று இவள் இருந்தாள். வீம்பில் அவன் தாயைக் கொண்டவன், அவனும் இருந்தான்.

இந்தக் கோடையில், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஊர்ச் சங்கத்தின் லண்டன் பொறுப்பாளர் கஸ்பர் ஒரு செய்தி சொன்னார். டொராண்டோ ஸ்காபரோவில் ஊர்ச் சங்கங்களின் கரப்பந்தாட்டப் போட்டி நடக்கிறது, முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் அணியில் கொட்வினும் இருக்கிறான், பேஸ்புக்கில் லைவாகப் பார்க்கலாம் என்றார்.

"அதுக்கு நான் ஒரு வெற்றிக் கிண்ணம் குடுக்கிறன் தம்பி."

"காலமான உங்கட மனுசன்ர ஞாபகமாவோ அக்கா?"

"இல்லை, என்ர பேரிலை. மைக்கிலை என்ர பேர் சொல்லவேணும். அவன்ர காதிலை விழவேணும்."

கஸ்பர் அவளுடைய பெயரையும் ஊரையும் விலாசத்தையும், நல்ல சேலை கட்டிய ஒரு படத்தையும் டொராண்டோவுக்கு அனுப்பிவைத்தார். ஆள் உயிரோடு இருக்கிறாள் என்று எழுதவில்லை. அதை யார்தான் எழுதுவார்கள்?

போட்டி நாள் வந்தது. அங்கே காலை பதினொரு மணி, இங்கே பின்னேரம் நாலு மணி. தேத்தண்ணியோடு டப்லெட்டின் முன்னால் கதிரையில் அருமைநாயகி குந்திக்கொண்டாள். பேஸ்போல் அணியின் நீலத் தொப்பியைக் கண்டதுமே மகன்தான் என்று கண்டுகொண்டாள். மெலிந்துவிட்டான். தாடியில் நரைகூட விழுந்திருக்கிறது. என்ர ராசா, இவ்வளவு நாளும் உன்னைப் பாராமல் நான் என்னத்தைக் கண்டேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

இறுதியாட்டம் தொடங்குமுன் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகவும், லண்டன் கிங்ஸ்பரியை வதிவிடமாகவும் கொண்ட அமரர் அருமைநாயகி செபமாலைமுத்து ஞாபகார்த்த வெற்றிக் கிண்ணத்துக்கான ஆட்டம் இது. அன்னாரின் ஆத்ம சாந்திக்காக ஒரு நிமிட மௌன அஞ்சலி."

"அட அறுவானே!" என்று கத்தினாள் அருமைநாயகி. அப்படிக் கத்திக்கொண்டே, மௌன அஞ்சலி என்றால் எழுந்து நிற்கிற பழக்கத்தில் கதிரையிலிருந்து பாதி எழும்பியும் விட்டாள். கிண்ணம் என்றாலே இறந்தவர் ஞாபகமாகத்தான் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். திரையில் எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். ஒருவன் மட்டும் குனியவில்லை. வாயைத் திறந்தபடி அறிவிப்பாளரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குள் அவளுடைய போன் அடித்தது, கனடா நம்பர். லைவ் ஒரு நிமிடம் பிந்தித்தான் வரும் என்று கஸ்பர் சொல்லியிருந்தார். திரையில் அவன் இன்னும் அசையாமல் நிற்கிறான், காதில் அவன் குரல் வந்துவிட்டது.

"ஹலோ, ஆர் கதைக்கிறது? இது அம்மான்ர நம்பர். நான் மகன், கொட்வின்."

அவள் திரையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆரெண்டாலும் பரவாயில்லை, சொல்லுங்கோ. எப்ப நடந்தது? அடக்கம் முடிஞ்சுதோ? அவ என்னை வரவேண்டாம் எண்டவ. எண்டாலும் நான் வருவன். இண்டைக்கே வெளிக்கிடுறன்."

வாறானாம்! ஆறு வருடமாக அவள் மாதாவிடம் கேட்டது இந்த ஒரு சொல்லைத்தான். இப்போது வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் நின்றுவிடுவானோ? பேசாமல் போனை வைத்தால் நாளைக்கு இந்த வாசலில் நிற்பான். செத்தவளுக்குக் கிடைக்கிறது இருக்கிறவளுக்குக் கிடைக்காதா, கடவுளே! போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல், அவள் கொஞ்ச நேரம் செத்தவளாகவே இருந்து பார்த்தாள்.

அந்தப் பக்கம் அவன் அழத் தொடங்கினான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் மூக்கால் அழுவானே, அதே அழுகை. அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

"அழாதை ராசா. நான்தான், அம்மாதான். நான் சாகேல்லை."

திரையில் அவன் இப்போதுதான் வரிசையை விட்டு, போன் இருந்த பையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

"அம்மா... அப்ப இந்தக் கிண்ணம்?"

"நான் குடுத்ததுதான். என்ர பேர் உனக்குக் கேக்கட்டும் எண்டு குடுத்தனான். அந்த மைக்காரன் என்னைச் சாக்காட்டிப் போட்டான்."

சிரித்தானா விம்மினானா, அவளுக்கு விளங்கவில்லை. யாரோ அவனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. ஆனால் வருகிறேன் என்ற அந்தச் சொல்லை அவன் திருப்பிச் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கொட்வின், கோசிகாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. வாறன் எண்டு சொன்னனி. நான் உயிரோடை இருக்கிறன் எண்டதுக்காக வராமல் விட்டிடாதை, ராசா."