கழற்றி வைத்த ஷூ

கையெழுத்துப் போட்டுவிடுவதென்று குந்தவை நேற்றே முடிவு செய்திருந்தாள். அதனால் சென்னையிலிருந்து கப்பல் கம்பெனி ஆள் பரணிதரன் வந்து இறங்கியபோது அவளுக்குப் படபடப்பு ஒன்றும் இல்லை. டீயைத் தூக்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமா வயல்ல இருக்காங்க. நடவு. அவங்க கையெழுத்தும் வேணும்ல? அங்கேயே போயிடலாம் வாங்க."

அவள் கணவன் பிரபு காணாமல் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. சரக்குக் கப்பலில் மேல்தள வேலை. காலையில் அடுத்த முறை வேலைக்கு வந்தவன் பார்த்தபோது ஆள் இல்லை. கம்பித் தடுப்பின் ஓரமாக அவன் ஷூ இரண்டும் ஜோடியாக இருந்தன. இரண்டு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. தவறி விழுகிறவன் ஷூவைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டா விழுவான் என்று கம்பெனி கேட்டது. தானாகவே குதித்ததாக எழுதி, அதற்கு வீட்டாரின் கையெழுத்தைக் கேட்டது.

அந்த ஷூ ஜோடியைக் கப்பலில் எடுத்த படம் அவள் ஃபோனில் இருந்தது. மாமனாருக்குக் காட்டியதில்லை. கடைசியாக அவன் ஃபோனில் பேசியதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டாள். 'ஷூ அடி தேஞ்சுபோச்சு, வேற கேட்டிருக்கேன், தர மாட்டேங்கிறான். சரி, வைக்கிறேன்' என்றான். அந்த 'வைக்கிறேன்' என்பதில் ஏதாவது இருந்ததா? நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அலைந்த பஸ்களிலெல்லாம் இதே கேள்விதான். இப்போது கேட்கவும் அலுப்பாக இருந்தது.

ராத்திரி பெய்த மழையில் வரப்பு ஊறிக் கிடந்தது. வரப்பு முனையில் குந்தவை செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் நடந்தாள்.

"சார், ஷூவோட வராதீங்க!" நடுவயலிலிருந்து மாமனார் வைத்தியலிங்கம் குரல் கொடுத்தார். "கழட்டிட்டு வாங்க!"

"பரவால்லைங்க" என்றான் பரணிதரன். நாலாவது அடியில் கால் சறுக்கி முழங்கால் வரை சேற்றில் இறங்கினான். ஃபைலை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "எறங்கினதுதான் எறங்கிட்டீங்க, ரெண்டு முடி நாத்து நட்டுட்டுப் போங்க சாரே" என்றாள் தங்கமணி. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. குந்தவைக்கே உதட்டோரம் இழுத்தது.

அவன் முனைக்குத் திரும்பிப்போய் ஷூவைக் கழற்றினான். சாக்ஸைச் சுருட்டி உள்ளே திணித்தான். சேறு வடிந்த ஷூ இரண்டையும் குந்தவையின் செருப்புக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தான். அந்த வரிசையில் நடவுக்காரர்களின் செருப்புகள் எட்டு ஜோடி இருந்தன. எல்லாம் தண்ணீரைப் பார்த்தபடி.

குந்தவை தூக்கை வரப்பில் வைத்துவிட்டாள்.

"அப்படி ஜோடியா வைக்கச் சொன்னது யாருங்க?"

"எதை மேடம்?"

"ஷூவை."

"யாரும் சொல்லல. பழக்கந்தான்."

"எதுக்குக் கழட்டினீங்க?"

"வழுக்குதுல்ல."

அவள் ஃபைலை வாங்கி, தானே பலமுறை படித்த பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாவது வரியிலேயே இருந்தது. மழை, தளம் ஈரம்.

"அவரும் அதுக்குத்தான் கழட்டியிருக்காரு" என்றாள்.

பரணிதரனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கப்பல்ல அப்படி யாரும் கழட்ட மாட்டாங்க மேடம். ரூல் இருக்கு."

"ரூல் இருக்கும். நடந்து பழகினது இந்த வரப்புலதானே. ஈரம்னா வெரலை ஊனித்தான் நடக்க வரும். இவ்வளவு பேரும் கழட்டி வச்சிருக்காங்களே, குதிக்கவா போயிருக்காங்க?"

வைத்தியலிங்கம் கை கழுவிக்கொண்டு கரையேறினார். குந்தவை ஃபோனை நீட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தார்.

"மழையா அன்னிக்கு?"

"மழைதான் மாமா."

"அப்புறம் என்ன" என்றார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பரணிதரன் தணிந்த குரலில் பேசினான். "இதுல கையெழுத்துப் போட்டா இறப்புச் சான்று சீக்கிரம் வாங்கிடலாம். போடலன்னா ஏழு வருஷம் காத்திருக்கணும். நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"தெரியும். அவரு குதிச்சாருங்கிற அந்த வரியை அடிச்சுத் தருவீங்களா?"

"எனக்கு அந்த அதிகாரம் இல்ல மேடம்."

பேனாவை வாங்கினாள். கையெழுத்து இடத்துக்கு மேலே தமிழில் எழுதினாள்: 'ஈரத்தில் நடக்கத்தான் ஷூவைக் கழற்றினார். குதிக்கவில்லை. இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.' அதற்குக் கீழே பெயரைப் போட்டாள். மாமனாரும் போட்டார். ஈரக் கை பட்டு அவர் பெயரில் மை கலைந்தது.

"இது செல்லுமான்னு தெரியல" என்றான் பரணிதரன்.

"கொண்டுபோய்க் குடுங்க. டீ குடிச்சிட்டுப் போங்க, ஆறிடும்."

குடித்துவிட்டுக் கிளம்பினான். முனையில் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோ நின்ற இடம் வரை வெறுங்காலோடு போனான்.

மகள் ரோஹிணி மூன்றாவது படிக்கிறாள். ஏழு வருஷத்தில் ஒன்று போனாலும் இன்னும் ஆறு, அவள் ஒன்பதாவது வந்துவிடுவாள். அதுவரை எத்தனை ஆபீஸ், எத்தனை பஸ். குந்தவைக்கு அந்த வரப்பிலேயே படுத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் சாயங்காலம் அப்பா ஏன் போனார் என்று பிள்ளை கேட்டால், வழுக்கிட்டுதும்மா என்று சொல்லலாம்.

"என்னக்கா, டீ எங்களுக்கு உண்டா இல்லையா?" என்றாள் தங்கமணி.

தூக்கை எடுத்துக்கொண்டு, விரல்களை ஊன்றி, நடந்தாள்.