நட்டுக்குத்தாக நின்ற சோபா

மருத்துவமனையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வரும் நர்சம்மாவுக்கு வீட்டில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: காலை நீட்டி உட்கார ஓர் இடம். அதற்கும் வேட்டு வைத்தார் அவள் வீட்டுக்காரர்.

பாட்டுக் கேட்பதற்கென்றே முன்னறையைச் சீர்திருத்தக் கிளம்பிய மனுஷர் அவர். முதல் பலி சோபா. "அது சத்தத்தைக் குடிச்சிடுது" என்று பால்கனிக்குத் தள்ளிவிட்டார். ஸ்பீக்கர்களுக்கு எதிரே, தரையில் டேப் ஒட்டிய இடத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதில் அவர். அவளுக்குத் தரை.

சோபா போன அன்றே பாட்டில் 'கும்' என்றொரு முழக்கம் வந்து குடியேறியது. ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டார், சுவரெல்லாம் ஃபோம் ஒட்டினார், அறை நடுவில் நின்று கையைத் தட்டித் தட்டிக் காதைத் தீட்டினார். கும் போவதாக இல்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது மழை தூறியது. சோபா நனையப்போகிறதே என்று தானே அதை உள்ளே இழுத்துப் போட்டாள். ஓடிக்கொண்டிருந்த பாட்டை விட்டு அவர் துள்ளி எழுந்தார்.

"கும் போயிடுச்சு! கேட்டியா? எல்லாம் இந்த சோபாவாலதான்! இனிமே இது இங்கேயே இருக்கட்டும்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. முகம் கழுவிவிட்டு ஆசையாகத் திரும்பி வந்தாள். சோபா மூலையில் நட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

"இப்படி நிறுத்தினா இன்னும் சுத்தமா கேக்குது" என்றார் அவர். "தொட்டுடாதே, சாஞ்சிடும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் நிக்கறேன், சோபாவும் நிக்குது. நீங்க மட்டும் உக்காந்திருங்க. நல்லா இருக்குங்க உங்க நியாயம்!"

விடுவிடுவென்று போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃபோம் ஒட்ட அவர் ஏறி நின்ற ஸ்டூலை இழுத்துக் கால் இரண்டையும் அதன்மேல் போட்டாள்.

"பாட்டைப் போடுங்க."

போட்டார். பாட்டு அருமையாக இருந்தது. அதில்தான் அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது. அடுத்த பாட்டுக்குள் அவர் காலை மாற்றி மாற்றி நிற்கத் தொடங்கினார். சுவரில் சாய்ந்து பார்த்தார். ஃபோம் பிய்ந்து கையோடு வந்தது.

"கால் கடுக்குதும்மா. எப்ப எழுந்திருப்பே?"

அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"சோபா படுத்ததும்."