விழக் கூடாத கப்பல்கள்

இன்று ஒரு கப்பல்கூட விழக் கூடாது. காலையிலிருந்து தங்கைக்கு வேறு நினைப்பே இல்லை.

கப்பல் என்றால் கட்டைவிரல் அளவுதான். ஈயத்தில் வார்த்த விண்கப்பல். சைக்கிள் கடை மாடியில் ஒரு மேஜைக்குக் கறுப்புத் துணி விரித்து, அதுதான் வானம் என்று வைத்துக்கொண்டு, நாலு வளர்ந்த ஆண்கள் சனிக்கிழமைதோறும் படை நடத்துவார்கள். அளவுகோல் வைத்து நகர்த்துவார்கள், பகடை உருட்டிச் சுடுவார்கள், அரை விரற்கடைக்காகத் தொண்டை கிழியக் கத்துவார்கள். ஒவ்வொரு கப்பலும் ஒரு சின்னத் தட்டில் நட்ட பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் நிற்கும். தலை கனம், கால் ஒல்லி. பக்கத்தில் யாராவது தும்மினால் போச்சு.

போன வருஷம் அண்ணனுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். குறையும், போகாது என்றார். நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலையை அந்தக் கையோடு எப்படியோ சமாளித்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு முன் இந்த மேஜையில் அவன் கை பட்டு ஒரு கப்பல் சாய்ந்தது. அது அடுத்ததைத் தள்ள, வரிசையே கவிழ்ந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து சுவரை வெறித்தான். அண்ணி போன பிறகு அவனுக்கென்று இருந்ததே அந்த ஒரு மேஜைதான். தங்கைக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது, அவன்மேல் பாதி, அந்த ஒல்லிக் குச்சிகள்மேல் பாதி.

அவள் பல் செட் செய்கிறவள். மெழுகு, அச்சு, சின்னச் சின்ன அரம் எல்லாம் கைக்குப் பழக்கம். பட்டறையில் மீந்த கலவையில் அகலமான தட்டுகள் வார்த்தாள். எல்லாம் ஈறு நிறத்தில் வந்தன. "என்ன பாப்பா, கப்பல் எல்லாம் எவன் வாய்க்குள்ளயோ நிக்குது?" என்று அண்ணன் சிரித்தான். சிரித்தானே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் நிறமில்லாத கலவை. குச்சியைப் பாதியாக வெட்டினாள். தட்டுக்கு அடியில் இரும்பு வாஷர் ஒட்டிக் கனம் ஏற்றினாள். அவன் கை எடுக்கும்போதே ஆடியதால் அதுவும் பயன்படவில்லை. கடைசியில் வாஷரைப் பிடுங்கிவிட்டு, நல்ல வலுவான காந்தத்தைப் புதைத்தாள். துணிக்கு அடியில் போட ஒரு மெல்லிய இரும்புத் தகடும் வெட்டிவந்தாள். இனிக் கப்பலைத் தூக்கவே வேண்டாம். தட்டைப் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும், கை என்ன ஆட்டம் போட்டாலும் சாயாது. ஒவ்வொன்றாக வைத்து மேஜையைக் குத்திப் பார்த்தாள், துண்டால் விசிறிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

"ஒரே ஒரு தடவை வரேன்," என்றான் அண்ணன். "இன்னிக்கும் விழுந்துச்சுன்னா பெட்டியோட யாருக்காவது குடுத்துடு. அப்புறம் என்னைக் கூப்பிடாதே."

அதனால்தான் இப்போது அவள் மாடியில், மற்றவர்கள் வருமுன்பே தகட்டைத் துணிக்கு அடியில் போட்டுவிட்டு, சுவரோரம், கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எதிரே மருந்துக்கடைக்காரர். நல்ல மனிதர், அளவுக்கு மீறி நல்லவர். அண்ணன் கையை நீட்டும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்தார். அண்ணன் தட்டைப் பிடித்து இழுத்தான். கை ஆடியது, கப்பல் ஆடவில்லை. இரண்டாவது, மூன்றாவது முறையும் அப்படியே. தங்கைக்கு மூச்சு வந்தது. அண்ணனுக்குத் துணிச்சல் வந்தது. எதிரியை நெருங்கிச் சுட வேண்டும் என்று முன்னணிக் கப்பலை அவருடைய கப்பலின் பக்கத்தில் கொண்டுபோனான்.

மருந்துக்கடைக்காரரின் கப்பல் விருட்டென்று சாய்ந்து, மேஜையிலிருந்து உருண்டு, தரையில் விழுந்தது. வால் முறிந்தது.

"பரவால்ல, பரவால்ல," என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அண்ணன் கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு எழுந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அவன் கை படல!" என்றாள் தங்கை.

"இல்லம்மா, நாங்க தப்பா எடுத்துக்கல," என்றார் மருந்துக்கடைக்காரர். அந்தக் கனிவில் அவளுக்கு அழுகை முட்டியது.

"படவே இல்லைங்க. நான் பாத்துட்டே இருந்தேன்." விழுந்த கப்பலை எடுத்து மேஜையில் வைத்து, அண்ணனின் கப்பலை அதன் பக்கத்தில் நகர்த்தினாள். சும்மா நின்றது. இன்னும் நகர்த்தினாள். அப்போதும் அசையவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"விடு பாப்பா," என்றான் அண்ணன். "மானத்தை வாங்காதே. போலாம் வா."

காது மடல் கொதிக்க அவள் அண்ணனின் கப்பலைத் தட்டோடு பிய்த்து எடுத்தாள். தட்டின் ஓரத்தில் ஒரு இரும்பு வாஷர் கவ்விக்கொண்டிருந்தது. அவளுடையது அல்ல. காய்ந்த பசையோடு, பழசாக இருந்தது.

"இது யாருது?"

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "என்னுதுதான். கனத்துக்காக எல்லாத்துக்கும் அடியில ஒட்டிருக்கேன்."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேர்த்துக் கடிக்க வைத்துப் பார்க்காமல் ஒரு பல் செட்டை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. இதை மட்டும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். எதிரியின் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் எனத் தோன்றவே இல்லை.

"காந்தம் வச்சிருக்கேன். அது இழுத்துடுச்சு. வாஷர் பிஞ்சு வந்துட்டதாலதான் இப்ப அசையல. தப்பு என்னோடது."

"காந்தமா?" என்று மூன்று தலைகள் மேஜைமேல் கவிழ்ந்தன. "எங்க, இன்னொண்ணு வச்சுக் காட்டு!" மருந்துக்கடைக்காரர் இன்னொரு கப்பலை வைத்தார்.

தங்கை கையை நீட்டுவதற்குள் அண்ணன் அவளை விலக்கினான். "நான் பண்றேன்."

பையிலிருந்து கையை எடுத்துத் தட்டைப் பிடித்தான். அது முன்னைவிட மோசமாக, முழங்கைவரை நடுங்கியது. அவளால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அவன் மெல்ல, மெல்ல இழுத்தான். இன்னும் ஒரு விரல் இடைவெளி இருக்கும்போதே எதிரிக் கப்பல் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது.

"அடேயப்பா!" என்றார் ஒருவர். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை!"

அண்ணன் திரும்ப இழுத்தான், அதற்கு மேலும் ஒரு முறை. கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அண்ணனும்தான்.