டிக்கியில் கிடந்த பொன்னாடை

வளைகுடா நாட்டு மங்காஃப் தமிழர் மன்றத்துக்காரர்கள் ‘அன்புச் சக்கரம்’ என்று ஒரு தொண்டு நடத்தினார்கள். மகன், மகள் வீட்டோடு வந்து தங்கியிருக்கிற, வண்டி ஓட்ட முடியாத வயசாளிகளைத் தொண்டர்கள் தங்கள் காரில் இலவசமாக ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஏறுமுன் வயசாளிக்குப் பொன்னாடை போர்த்தி, பக்கத்தில் நின்று படம் எடுத்து, வாட்ஸப் குழுவில் போட வேண்டும். போட்டால்தான் அது ஒரு பயணம். வருஷக் கடைசியில் அதிகப் பயணம் போனவருக்குக் கேடயம். படம் எடுத்ததும் பொன்னாடையை உருவி மடித்து டிக்கியில் வைத்துவிடுவார்கள். மரியாதைக்கு ஆயுசு ஒரு நிமிஷம்.

மகள் வீட்டோடு வந்திருந்த பஞ்சவர்ணத்துக்கு இதெல்லாம் புதிதில்லை. விருதுநகர்ப் பக்கம் முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். கரண்டியை வாயருகே பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு சொட்டு சாம்பார்கூட ருசி பார்க்காமல் கிளம்பிப் போன அதிகாரிகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டாள்.

சர்க்கரை அவளுடைய இடது கண்ணில் இறங்கிவிட்டது. கண்ணுக்குள்ளேயே போடுகிற ஊசி, மாதத்துக்கு ஒன்றாக மூன்று. ஒன்றைத் தவறவிட்டாலும் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் சந்தியா வேறொரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், லீவு கிடைக்காது. மருமகன் பாலைவனத்தில் ஏதோ சைட்டில் இருந்தான்.

போன மாதம் முதல் ஊசிக்கு ஸ்ரீகாந்த் என்ற தொண்டன் வந்தான். சென்னைக்காரன், பெரிய கம்பெனியில் மேனேஜர். வீட்டு வாசலில் ஒரு படம், வெளிச்சம் போதவில்லை என்று ஆஸ்பத்திரி வாசலில் இன்னொரு படம். அவள் டோக்கன் வாங்கித் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். ஊசி முடிந்தபின், கூட ஆள் இல்லாமல் வெளியே அனுப்ப மாட்டோம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். மன்றத் தலைவர் ரவிசங்கருக்குப் போன் போட்டாள். உங்கள் பயணம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, படம்கூட வந்திருக்கிறதே என்றார் அவர். நாலு மணி நேரம் கழித்து சந்தியா டியூட்டியைப் பாதியில் விட்டு ஓடிவந்தாள். அதற்கு அவளுக்கு ஒரு மெமோ. புறப்படும்போது கவுண்டர் பெண் கறாராகச் சொன்னாள்: அடுத்த முறை கடைசிவரை இருக்க ஆள் இல்லையென்றால் ஊசி கிடையாது.

இந்த மாதமும் ஸ்ரீகாந்தே வந்தான். கேடயத்துக்கு இன்னும் இரண்டே பயணம்தான் பாக்கி என்று அவனே பெருமையாகச் சொன்னான். அவன் பொன்னாடையை உதறி விரிப்பதற்குள் பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

“போட்டோவை திரும்பி வந்து இதே வாசல்ல எடுத்துக்கலாம் தம்பி. அதுவரைக்கும் நீங்க என்கூடவே இருக்கணும்.”

அவனுக்குப் பதினொரு மணிக்கு மீட்டிங்காம். அப்படியானால் இறங்கிக்கொள்கிறேன், இன்னொருவரை வரச் சொல்லுங்கள் என்றாள். இன்னொருவர் வந்தால் பயணமும் இன்னொருவருடையது. மேனேஜருக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரிந்தது. வண்டியைக் கிளப்பினான்.

மூன்று மணி நேரம் இருந்தான். போனைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். கூட வந்தவர் யார் என்று நர்ஸ் கேட்டபோது எழுந்து வந்து கையெழுத்துப் போட்டான். ஊசி உள்ளே போனபோது பஞ்சவர்ணத்துக்கு வலித்தது. ஆனால் வலியைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் வாக்கு மாறவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். அவன் பொன்னாடையைப் போர்த்திப் போனைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே இறங்கியது. இடது கண்ணில் பிளாஸ்டிக் மூடி, அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் டேப், கன்னத்தில் வழிந்து காய்ந்த மருந்து.

“கண்ணு இப்படி இருக்கேம்மா. குரூப்ல போட்டா நல்லாருக்காது.”

டேப்பை ஒரே ஒரு நிமிஷம் எடுக்க முடியுமா என்றும் கேட்டான். பஞ்சவர்ணம் மிச்சமிருந்த ஒரு கண்ணால் அவனைப் பார்த்தாள். அவன் பொன்னாடையை உருவி டிக்கியில் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

சாயங்காலம் ரவிசங்கர் போன் செய்தார். இன்றைக்குப் படம் வரவில்லை, ஆகவே பயணம் நடக்கவில்லை என்று பதிவாகியிருக்கிறது, மன்றத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். போன மாதம் அவ்வளவு சிறப்பாகச் செய்த தொண்டர் இந்த முறை இப்படிச் செய்துவிட்டாரே என்று மிகவும் வருத்தப்பட்டார். வரவே இல்லையா என்று கேட்டார்.

“இன்னைக்கு வந்தாரு தம்பி, கடைசிவரைக்கும் இருந்தாரு” என்றாள் பஞ்சவர்ணம். “போன மாசம்தான் இருக்கலை. அதுக்குத்தான் உங்ககிட்ட போட்டோ இருக்கே.”