பாதி மந்திரம்

கார்த்திகை முதல் தேதி ஜெயகணேஷ் ஐயப்பனுக்கு மாலை போட்டதிலிருந்து, தாராவியிலிருந்த அந்த ஒற்றை அறை வீட்டில் எல்லோரும் சாமி. மனைவி பொன்செல்வி அவனைச் சாமி என்றாள். அவனும் அவளைச் சாமி என்றான். அவன் பாய் கதவோரம், அவள் பாய் அடுப்போரம். நடுவே அரிசி டிரம்.

விரதம் மனதை அடக்கும் என்று குருசாமி சுடலைக்கண்ணன் சொல்லியிருந்தார். அடங்கவில்லை. குர்லாவில் பை தைக்கும் பட்டறையில், ஜிப் கொண்டுவந்தவனை ஜெயகணேஷ், "திருட்டுச் சாமி" என்று ஏசினான். பொன்செல்வி மிக்சி ஓடவில்லை என்று அழுதாள். ஓடியதும் அழுதாள்.

"உப்பு எங்க சாமி?"

"கண்ணு பொடதியிலயா இருக்கு சாமி?"

"மரியாதையாப் பேசுங்க சாமி."

"மரியாதையாத்தான சாமி ஏசுதேன்."

பக்கத்து வீட்டு ரோசம்மா சிரித்தாள். "எங்க தவக்காலத்துல வந்து பாரு. எங்க வீட்டுக்காரரு மிக்கேல்ராஜ் ஃபேனோட சண்டை போடுவாரு. என்னைய ஏம்ல மொறைக்கன்னு கேப்பாரு. ஒனக்கு என்னட்டி செய்யுது?"

"ராத்திரி அவரு காலு எம்மேல கெடக்கும்க்கா. அந்தக் கனம் இல்லாம ஒறக்கமே வரல."

தை பிறந்து ஜெயகணேஷ் மலையிலிருந்து திரும்பினான். குருசாமி திரும்பவில்லை, சொந்தக்காரர் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கம் தங்கிவிட்டார். போட்டுவிட்டவர்தான் கழற்ற வேண்டும் என்று ஜெயகணேஷ் மாலையோடு காத்திருந்தான்.

ஞாயிறு மத்தியானம் பொன்செல்வி குருசாமிக்கு வீடியோ கால் போட்டாள்.

"நீங்க மந்திரம் சொல்லுங்க. நான் கழட்டுதேன்."

"போன்லயா? அப்படி வழக்கம் இல்லையே தாயி."

"அப்ப ரயிலேறி வந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல படுத்துக்கிடுங்க."

குருசாமி சிக்னலுக்காக மொட்டைமாடி ஏறினார். ஜெயகணேஷ் தேங்காய் உடைத்து, போனுக்குச் சூடம் காட்டினான். குருசாமி மந்திரத்தைத் தொடங்க, பொன்செல்வி மாலையை மெல்ல உயர்த்தினாள். அது காதுவரை வந்தபோது, குருசாமி திறந்த வாயோடு திரையில் உறைந்துபோனார்.

"நிறுத்துங்க சாமி. பாதி மந்திரந்தான் வந்திருக்கு. இப்ப நான் சாமியா, இல்லையா?"

பொன்செல்வி மாலை நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"காதுக்கு மேல சாமி. கீழ உள்ளது எனக்கு."

மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்தில் சாத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போனைத் தலையணைக்கடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டாள்.

சற்று நேரத்தில் தலையணைக்கடியிலிருந்து குருசாமியின் குரல் வந்தது.

"சாமி, கேக்குதா? அவசரப்படாதீங்க. இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு."