இருமாமல் நின்ற எஞ்சின்

கார்புரேட்டரில் ஒரு பழுதும் இல்லை என்று தெரிந்ததும் கிரேன்காரருக்கு ஏமாற்றமாகிவிட்டது.

மாடல் விமானம் விடுகிற வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அப்பாடா என்றிருப்பார்கள். இவர் மறுபடியும் அதைக் கழற்றினார். உள்ளே பெட்ரோலை இழுத்துத் தருகிற மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்று உண்டு, தபால்தலை அளவுதான் இருக்கும். அது விறைத்துப் போயிருக்கும் என்று நம்பியிருந்தார். வெளிச்சத்தில் பிடித்து மடக்கிப் பார்த்தார். நேற்று வாங்கியது போல வளைந்தது. சல்லடையில் ஒரு தூசி கிடையாது. ஒரு தூசியாவது இருந்து தொலைக்கக் கூடாதா என்று அதனிடமே முணுமுணுத்தார்.

விமானம் சின்னதல்ல. இறக்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒன்பது அடி. மரம் அறுக்கும் மெஷினில் இருப்பது போன்ற பெட்ரோல் எஞ்சின். கார் நிறுத்துகிற இடத்தை அது பிடித்துக்கொண்டதால் கார் இரண்டு வருஷமாக வெயிலில் கிடந்தது. மனைவி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. "உங்க சக்களத்திக்கு இன்னைக்கு என்ன நோவு?" என்று கேட்டுக்கொண்டேதான் காபி கொண்டுவந்து வைப்பாள்.

நோவு இதுதான். போன மாதத்தில் மூன்று தடவை, நல்ல உயரத்தில், முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிட்டது. முதல் இரண்டு தடவை எப்படியோ சறுக்கி மைதானத்திலேயே இறக்கிவிட்டார். மூன்றாவது தடவை வேலியில் போய் விழுந்து இறக்கை முனை உடைந்தது. தரையில் கட்டிவைத்து ஓட்டினால் அரைமணி நேரம் ஆனாலும் நிற்காது. மேலே போனால்தான் வம்பு.

பழகினவர்களுக்குச் சத்தத்தை வைத்தே பாதி தெரிந்துவிடும். பெட்ரோல் போகாமல் நிற்கிற எஞ்சின் முதலில் கீச்சென்று வேகம் கூட்டும், பிறகு இருமும், இருமி இருமித்தான் சாகும். தீப்பொறி போய் நிற்கிற எஞ்சின் இருமாது. கத்தியால் அறுத்த மாதிரி ஒரே நொடியில் நிற்கும். இவருடையது மூன்று தடவையும் இருமவே இல்லை. அது தெரிந்தும் முதலில் கார்புரேட்டரைத்தான் பிரித்தார். தொலைத்த இடத்தை விட்டுவிட்டு வெளிச்சம் இருக்கிற இடத்தில் தேடுகிற கதைதான்.

ஏனென்றால் தீப்பொறிப் பக்கம் போனால் கடைசியில் அந்த ஸ்விட்ச் வந்துவிடும்.

பெரிய விமானம் விடுகிறவர்கள் எல்லாரும் கையில் வைத்திருக்கும் ரிமோட்டில் தீப்பொறியை நிறுத்த ஒரு ஸ்விட்ச் வைத்தே ஆகவேண்டும் என்பது அவர்கள் சங்கத்தின் சட்டம். சின்னக் குச்சி ஒன்று, ரிமோட்டின் இடது தோளில், ஆள்காட்டி விரல் வந்து உட்காருகிற இடத்தில் இருக்கும். கீழே தட்டினால் எஞ்சின் அவ்வளவுதான். விமானம் தரை தொட்டதும், கிட்டே போவதற்கு முன்னால், அதைத் தட்டிவிட வேண்டும். விமானத்தின் மூக்கில் சுற்றுகிற காத்தாடி விரலைத் துண்டாக்கிவிடும் என்பதால் இது எல்லாருக்கும் மூச்சு விடுவது போன்ற பழக்கம். அதனால்தான் மூன்று தடவையும், எஞ்சின் நிற்கும்போது ஸ்விட்ச் எப்படி இருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. இறங்கியதும் கை தானாக அங்கே போயிருந்தது. மூன்றாவது தடவை, தட்டப் போனபோது குச்சி ஏற்கெனவே கீழே இருந்ததாக ஒரு ஞாபகம். ஞாபகம்தான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அவருடைய இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது, சாவியைப் பையில் தேடும்போது துணி எது சாவி எது என்று தெரியவில்லை. இதெல்லாம் வயசாகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் அவர் பிழைப்பு கட்டுமான கிரேன். முப்பது மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இடது கை லீவரால் கிரேனின் நீளக் கையைத் திருப்ப வேண்டும். தொங்குவது நாலு டன் கான்கிரீட் பலகை. கீழே ஆட்கள் நின்று அண்ணாந்து பார்த்துக் கை காட்டிக்கொண்டிருப்பார்கள். விரலுக்குத் தெரியாமல் ஒரு ஸ்விட்சைத் தட்ட முடியும் என்றால் ஒரு லீவரைத் தள்ளவும் முடியும்.

அதனால் எஞ்சினில் ஒரு கோளாறு இருந்தாக வேண்டும். இருந்தால் விரல் வெறும் மரத்த விரல்தான்.

மூன்று வாரமாகத் தேடினார். டேங்குக்குள் ட்யூப் முனையில் ஒரு பித்தளைக் குண்டு கிடக்கும், விமானம் எப்படிப் புரண்டாலும் பெட்ரோல் இருக்கிற பக்கம் உருண்டுபோய் உறிஞ்சுவதற்காக. அது எங்காவது சிக்கிக்கொள்ளும் என்று டேங்கைத் தலைகீழாகக் குலுக்கிப் பார்த்தார். நன்றாக உருண்டது. காற்றுக் குழாயை வாயில் வைத்து ஊதினார். பெட்ரோல் வாடைதான் வந்தது, அடைப்பு இல்லை. எஞ்சின் மூடிக்குள் சூடு ஏறுகிறதா என்று மூடியைப் போட்டும் போடாமலும் ஓட்டினார். பிளக்கை மாற்றினார். பேட்டரியை மாற்றினார். ஒயரை அங்குலம் அங்குலமாக மடக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, வைத்தியர் வீட்டுக்குப் போய் வியாதி இருக்கு என்று சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறவன் நிலைமை ஆகிவிட்டது அவருக்கு. கடைசியில் ஸ்விட்ச். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று திறந்தார். குச்சி நெட்டுக்குத்தாக நின்றது. வேண்டுமென்று தள்ளினாலொழிய அசையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்கு விமானத்தைக் கொண்டுபோனபோது, மைதானப் பொறுப்பை ஏற்றிருக்கும் விசில் என்பவர் (யாராவது எல்லை தாண்டிப் பறந்தால் ஊதுவார், அதனால் அந்தப் பெயர்) என்ன கண்டுபிடித்தீர்கள் என்று விசாரித்தார். ஒன்றும் இல்லை என்றார் கிரேன்காரர்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் விசில் சிரித்துக்கொண்டே. "எஞ்சினை விட்டுட்டு ஆளைப் பிரிச்சுப் பாருங்க."

கேலிதான். ஆனால் கிரேன்காரர் இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

கூட வந்திருந்தது மனைவியின் தம்பி. ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிறவன். சின்ன விமானம் ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்து வருஷமாகப் பறக்கவிடுகிறான், நல்ல கை. ஒட்டிச் சரிசெய்திருந்த இறக்கையை இருவருமாக மாட்டினார்கள். போல்ட் இடது கையிலிருந்து இரண்டு தடவை நழுவி விழுந்தது. மச்சினன் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் அவரால் அடக்கி வைக்க முடியவில்லை. விமானத்துக்குப் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்து, விரல், ஸ்விட்ச், கிரேன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நாளைக்குத் திங்கள், பலகை ஏற்றுகிற வேலை ஆரம்பம் என்பதையும் சொன்னார்.

"இன்னைக்கு நீ ஓட்டு மாப்ள. உன் கையிலயும் நின்னா அது எஞ்சின். நிக்கலன்னா..." அதை அவர் முடிக்கவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாது."

அவன் ரிமோட்டை வாங்கிக்கொண்டான்.

எஞ்சின் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. விமானம் ஓடி, வாலைத் தூக்கி, எழும்பியது. கிரேன்காரர் மச்சினனை ஒட்டி நின்றார். முதலில் வானத்தைப் பார்க்கவே இல்லை. அவன் இடது ஆள்காட்டி விரலையே பார்த்தார். அது ஸ்விட்சிலிருந்து தள்ளி, ரிமோட்டின் முதுகில் பத்திரமாக மடங்கியிருந்தது. ஒரு நிமிஷம் ஆனது. மூன்று ஆனது. ஐந்தும் ஆனது. இரண்டு வருஷம் ஒட்டி இழைத்துக் கட்டிய விமானம், அது விழுந்து நொறுங்கினாலும் பரவாயில்லை, நின்றால் போதும் என்று மனசுக்குள் கும்பிட்டார். எந்தத் தகப்பனும் பெற்ற பிள்ளை பரீட்சையில் தோற்க வேண்டும் என்று இப்படி வேண்டியிருக்க மாட்டான். நில்லு, நில்லு என்று அண்ணாந்து பார்த்தார்.

எஞ்சின் நின்றது.

"மாமா, நின்னுருச்சு" என்றான் மச்சினன். "பாத்தீங்கல்ல, நான் ஸ்விட்சைத் தொடவே இல்ல. எஞ்சின்தான் மாமா."

விமானத்தைச் சறுக்கவிட்டு அழகாக இறக்கினான். அந்தப் பக்கம் விசில் கை தட்டினார். கிரேன்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மச்சினன் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரு முழு நிமிஷம் அவருக்கு உலகத்தில் குறையே இல்லை. அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் காது அதன் வேலையைச் செய்துவிட்டது.

எஞ்சின் இப்போதும் இருமவில்லை. ஆனால் அறுத்த மாதிரியும் நிற்கவில்லை. முதலில் சத்தம் தணிந்தது, முனகலாகி, சிரமப்பட்டு, அப்புறம்தான் அடங்கியது. வேகம் கூட்டுகிற குச்சியை யாரோ மெதுவாகக் கீழே இழுத்தால் எஞ்சின் அப்படித்தான் அடங்கும். அவர் அண்ணாந்து பார்த்த நேரத்தில் இழுத்திருக்கிறான்.

"மாப்ள, என் எஞ்சின் இப்படிச் சாகாது" என்றார்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் கோபப்படவில்லை. அவன் இடத்தில் அவர் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

"அக்கா முகத்துல எப்படி முழிக்கறது மாமா. உங்களுக்கு வேற என்ன வேலை தெரியும்?" என்றான் கடைசியில்.

"கீழ நிக்கறவங்களுக்கும் அக்கா தங்கச்சி இருப்பாங்க" என்றார் அவர். பிறகு, "திரும்ப ஏத்து. இந்தத் தடவ பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓட்டு."

அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவரே டேங்கை நிரப்பினார். வலது கையால் காத்தாடியைச் சுற்றிவிட்டார். மச்சினன் வேறு வழியில்லாமல் ரிமோட்டை எடுத்தான்.

இரண்டாவது தடவை விமானம் பதினைந்து நிமிஷம் தாண்டியும் வானத்தைவிட்டு இறங்கவில்லை. ஏறியது, புரண்டது, தலைக்கு மேலே தாழ்ந்து போனது. எஞ்சின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. விசில்கூட ஊத மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிரேன்காரர் வேலிப் பக்கம் நடந்துபோய்க் கைபேசியை எடுத்தார். இடது கையில் எண்ணைத் தொட்டால் ஒன்று கிடக்க ஒன்று அழுந்தியது. வலது கைக்கு மாற்றிக்கொண்டு சைட் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

சூப்பர்வைசர் எடுத்ததும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று கத்தினார். "என்னய்யா அது, எங்க இருக்க?"

"விமானம் சார். பறந்துக்கிட்டு இருக்கு." கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். "நாளைக்கு வேற ஆளை ஏத்துங்க சார். எனக்கு இடது கையில ரெண்டு விரல்ல உணர்ச்சி இல்ல."

எப்போதிலிருந்து என்று கேட்டார் சூப்பர்வைசர், இன்றைக்கு நேற்று என்கிற பதிலை எதிர்பார்க்கிற குரலில்.

"ரெண்டு மாசமாச்சு சார்."

சூப்பர்வைசர் மறுபடி பேசுவதற்குள் விமானம் ஒரு முழு வட்டம் அடித்து வந்துவிட்டது.

"ரெண்டு மாசமா நீ மேல ஏறிக்கிட்டா இருந்த?"

"ஆமா சார்" என்றார் கிரேன்காரர்.