மீசைக்காரன் காத்த முட்டைகள்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே தென்னந்தோப்பு வைத்திருந்த குணசேகரனுக்குத் தோப்பு வேலை போக மிச்ச நேரமெல்லாம் கூடத்து மீன்தொட்டியோடுதான். அதில் அவர் வளர்த்தது கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி மேயும், விரல் நீளக் குட்டிப் பிளெகோ மீன்கள். ஆண் இரண்டு, பெண் இரண்டு. அதிராம்பட்டினத்துத் தேங்காய் வியாபாரி அப்துல் மஜீது பிரியமாகக் கொடுத்தவை. ஆண்களுக்கு மூக்கின் மேல் மீசைபோல முள் முளைத்திருக்கும்.

"ரெண்டு ஆம்பளைய ஒண்ணா விடுறீங்க குணா, ஆளுக்கொரு பொந்து குடுத்துருங்க. இல்லாட்டி ஒண்ண ஒண்ணு வாழ விடாது" என்று மஜீது சொல்லியிருந்தார்.

குணசேகரன் இரண்டு மண்குழாய்த் துண்டுகளை மூலைக்கு ஒன்றாகப் போட்டார். அப்படியும் பெரியது சின்னதைத் துரத்தி வாலைக் கிழித்தது. பெரியதற்கு அவர் மனைவி பிரகதீஸ்வரி வைத்த பெயர் மீசைக்காரன்.

வெகுநாள் முட்டையே இல்லை. அந்த ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை, மீசைக்காரனின் குழாய்க்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்து தெரிந்தது. முட்டையிட்டவள் தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தாள். அப்பன்தான் வாசலை அடைத்துக்கொண்டு, துடுப்பால் முட்டைகளுக்கு விசிறியபடி கிடந்தான்.

"இப்படி ஒரு அப்பன நான் பாத்ததே இல்லங்க" என்று பிரகதீஸ்வரி சிரித்தாள்.

அடுத்த ராத்திரி கஜா புயல் அடித்தது. விடிந்து கதவைத் திறந்தால் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. குணசேகரன் அழவில்லை. உள்ளே வந்தார். கரண்ட் கம்பங்களும் விழுந்திருந்ததால் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றுபோயிருந்தது. ஒரு செம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி அதிலேயே ஊற்ற ஆரம்பித்தார்.

"ஊரே ரோட்டுல நிக்கிது. நீங்க மீனுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கீங்களே."

"மரத்துக்கு நான் என்ன பண்ண முடியும், சொல்லு."

அவர் கை ஓய்ந்தபோது பிரகதீஸ்வரியே செம்பை வாங்கி ஊற்றினாள்.

நாளாகியும் கரண்ட் வரவில்லை. தண்ணீர் கலங்கி நாற்றமெடுத்தது. மற்ற மூன்றும் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கின. மீசைக்காரன் மட்டும் குழாயை விட்டு அசையவில்லை.

"ஒரே ஒரு தடவ மேல வந்துட்டுப் போடா" என்று குணசேகரன் கண்ணாடியில் முகத்தை வைத்துக் கெஞ்சினார்.

ஒரு மத்தியானம் இருவரும் அசதியில் கண்ணயர்ந்துவிட்டார்கள். விழித்துப் பார்த்தபோது துடுப்பு நின்றிருந்தது. அவர் குழாய்க்குள் கையை விட்டு எடுத்தார். எந்தப் பிடிவாதமும் இல்லாமல் கையோடு வந்தான். முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்திருந்தன. குணசேகரன் தொட்டியின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிரகதீஸ்வரி அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மஜீது வந்தார். பாதை முழுக்க மரம் விழுந்து கிடந்ததால் வண்டியை விட்டுவிட்டு, பேட்டரியில் ஓடும் மோட்டாரைக் கையில் பிடித்தபடி நடந்தே வந்திருந்தார்.

"பாய், மத்ததெல்லாம் மேல வந்து பொழச்சுக்கிச்சு. இவன் வரல."

"முட்டைய விட்டு எப்படி வருவான்?" என்று மட்டும் சொன்னார் மஜீது. மோட்டாரைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

புதுத் தென்னங்கன்று வைத்தாலும் காய் பார்க்க வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை திருப்பூருக்கு வேலைக்கு வந்துவிடச் சொல்லி பிரகதீஸ்வரியின் அண்ணன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் முடியாது என்ற குணசேகரன், தை பிறந்ததும் தலையாட்டிவிட்டார். மூன்று மீன்களையும் ஒரு வாளியில் விட்டு மஜீதிடம் கொடுத்தார்.

திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை மனைவிக்கு விட்டுவிட்டு உள்பக்கம் உட்கார்ந்தார். ஊர் தாண்டும் வரை சாலையின் இரு பக்கமும் விழுந்த தோப்புகள் வந்துகொண்டே இருந்தன. அவர் டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.